ஏரிக்கரையில் ஒரு தொகுதி

அமெரிக்கத் தேர்தல் என்றவுடன் வெள்ளை மாளிகைக்கு நடக்கும் போட்டிதான் நம் கண்முன் வருகிறது. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நாளிதழ்கள் பக்கம் பக்கமாக எழுதுவதும் அதைப் பற்றியே. ஆயின் அந்நாட்டு மக்களாட்சி நாள்தோறும் எவ்வாறு நடைபெறுகிறது என்று அறிய விழைவோர் ஐம்பது மாநிலங்களின் சட்டமன்றங்களையே நோக்க வேண்டும். நெப்ராஸ்கா நீங்கலாக ஏனைய 49 மாநிலங்களிலும் சட்டமன்றத்திற்கு இரண்டு அவைகள் உண்டு. மேலவைக்குச் செனட் என்று பெயர். நம் நாட்டு மேலவைகளில் காணும் ஆசிரியர் தொகுதி, பட்டதாரி தொகுதி, ஆளுநர் நியமனம் போன்ற பிரிவுகள் அங்கில்லை. எல்லை வகுத்த ஒரு நிலப்பரப்பிலிருந்து மக்கள் நேரே வாக்களித்து ஒவ்வொரு செனட் உறுப்பினரையும் தேர்ந்தெடுக்கிறார்கள். வாஷிங்டனில் உள்ள நாட்டுச் செனட்டும் இதுவும் வெவ்வேறு. இரண்டையும் குழப்பிக் கொள்ளலாகாது.

இல்லினாய் மாநிலச் செனட்டில் 59 தொகுதிகள். அவற்றுள் பதின்மூன்றாவது தொகுதியை இக்கட்டுரைக்கு எடுத்துக் கொண்டுள்ளேன். பராக் ஒபாமா முதன்முதலில் வென்ற தேர்தல் இங்கு நடந்தது என்பது பலரும் சொல்லும் காரணம். எனக்கு அதனினும் பெரிதாகத் தோன்றும் காரணம் ஒன்று உண்டு. ஒரு தொகுதியை வரைபவர் யார், அதில் நிற்க ஒருவரை அனுமதிப்பவர் யார், நடுவில் இடம் காலியானால் நிரப்புபவர் யார் என்ற மூன்று கேள்விகளுக்கும் இந்த ஒரு தொகுதியின் வரலாற்றிலேயே விடை கிடைக்கிறது. மூன்று விடைகளிலும் வாக்காளரின் பெயர் முதலில் வரவில்லை.

நிலமும் மக்களும்

சிகாகோ நகரம் மிச்சிகன் ஏரியின் தென்மேற்குக் கரையில் அமைந்தது. ஏரி என்ற சொல்லைக் கேட்டு நம் ஊர் ஏரியை நினைத்துவிடக் கூடாது. எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியாத நன்னீர்க் கடல் அது. நகரம் சமவெளியில் சதுரங்கக் கட்டம் போலப் பரந்து கிடக்கிறது. கிழக்கு மேற்காகச் செல்லும் தெருக்களுக்குத் தெற்குப் பகுதியில் எண்களே பெயர். 51ஆம் தெரு, 63ஆம் தெரு என்றால் நகர நடுவிலிருந்து எவ்வளவு தெற்கே இருக்கிறோம் என்பது எவர்க்கும் விளங்கும். ஏறத்தாழ எட்டுத் தெருவுக்கு ஒரு மைல் என்பது கணக்கு.

இத்தெருக்களில் 51 முதல் 60 வரை, ஏரியை ஒட்டி இருப்பது ஹைட் பார்க். 1853இல் பால் கார்னெல் என்ற வழக்கறிஞர் புகைவண்டிப் பாதையோரம் நிலம் வாங்கி உருவாக்கிய ஊர் இது. 1889இல்தான் சிகாகோ நகருடன் இணைந்தது. அடுத்த ஆண்டே சிகாகோ பல்கலைக்கழகம் நிறுவப் பெற்றது. 1893இல் உலகக் கண்காட்சி இங்குள்ள ஜாக்சன் பூங்காவில் நடைபெற்றது. சென்னையில் அளசிங்கப் பெருமாள் முதலிய இளைஞர்கள் வீடு வீடாகச் சென்று பணம் திரட்டி விவேகானந்தரை அனுப்பி வைத்தது அக்கண்காட்சியை ஒட்டிக் கூடிய சமயப் பேரவைக்கே. அவர் உரையாற்றிய கட்டடம் கண்காட்சித் திடலில் இருந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது அங்கிருந்து சில மைல் வடக்கே, நகர நடுவில், இன்று கலைக்கூடமாக விளங்கும் கட்டடம்.

ஹைட் பார்க்குக்குத் தெற்கே நீண்ட புல்வெளி ஒன்று கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. மிட்வே எனப்படும் அது கண்காட்சியின்போது கேளிக்கைத் திடலாக இருந்தது. உலகின் முதல் ராட்சதச் சக்கர ராட்டினம் சுழன்ற இடமும் அதுவே. புல்வெளிக்கு இப்பால் பல்கலைக்கழகம். அப்பால் உட்லான் என்னும் குடியிருப்பு. அகலம் ஒரு தெருத் தொலைவுதான். ஆனால் இருபதாம் நூற்றாண்டில் நெடுங்காலம் அது இருவேறு உலகங்களுக்கு இடைப்பட்ட எல்லையாக நின்றது. அதற்கும் தெற்கே ஏரியோரம் சவுத் ஷோர். மேற்கே விரைவுச் சாலையைத் தாண்டினால் எங்கிள்வுட்.

1910இல் சிகாகோவில் வாழ்ந்த கறுப்பின மக்கள் ஏறத்தாழ 44,000 பேர். 1970இல் அவர்கள் 11 லட்சத்தைத் தாண்டினார்கள். தென் மாநிலங்களில் பருத்தி வயலிலும் கொடுமையிலும் சலித்தவர்கள் மிசிசிப்பியிலிருந்தும் லூசியானாவிலிருந்தும் இல்லினாய் சென்ட்ரல் புகைவண்டி ஏறி வந்தார்கள். 1905இல் தொடங்கிய சிகாகோ டிஃபெண்டர் என்ற கறுப்பின இதழ் அவர்களை வடக்கே வா என்று அழைத்துக் கொண்டே இருந்தது. வந்தவர்களுக்கு வேலை கிடைத்தது; வீடுதான் கிடைக்கவில்லை. குறுகிய ஒரு நிலப்பட்டைக்குள் அவர்கள் அடைபட்டார்கள். 1919 ஜூலையில் 29ஆம் தெருவின் ஏரிக்கரையில் மூண்ட கலவரத்தில் 38 பேர் மாண்டனர்.

அடைத்து வைத்தது மதில் சுவர் அன்று, பத்திரம். இந்த வீட்டைக் கறுப்பருக்கு விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை என்று தெரு மக்கள் ஒன்றுகூடி எழுதி வைத்த உடன்படிக்கை. உட்லானை அடுத்த ஒரு குடியிருப்பில் 1937இல் வீடு வாங்கிக் குடியேறிய கார்ல் ஹான்ஸ்பெரி என்பவரை வெளியேற்ற இத்தகைய உடன்படிக்கை ஒன்றைக் காட்டி வழக்குத் தொடுத்தார்கள். தெருமுகப்பு நிலத்தில் 95 விழுக்காட்டுக்கு உரியவர்கள் கையொப்பமிட்டால்தான் அது செல்லும் என்பது அந்த ஆவணத்தின் விதி. கணக்கிட்டுப் பார்த்தபோது 54 விழுக்காடு அளவே தேறியது. 1940இல் நாட்டின் உச்ச நீதிமன்றம் ஹான்ஸ்பெரி பக்கம் தீர்ப்பளித்தது. ஆயினும் உடன்படிக்கை என்ற முறையையே அது தொடவில்லை. முந்தைய வழக்கொன்றின் முடிவு இவரைக் கட்டுப்படுத்தாது என்று மட்டும் சொன்னது. இத்தகைய உடன்படிக்கைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரலாகாது என்ற தீர்ப்பு 1948இல்தான் வந்தது. ஹான்ஸ்பெரியின் மகள் லொரெய்ன், அந்த வீட்டு நினைவுகளின் அடிப்படையில் எழுதிய நாடகம் 1959இல் நியூயார்க்கில் அரங்கேறிப் புகழ் பெற்றது. கையொப்பங்களை எண்ணிப் பார்க்கும் வழக்கம் இவ்வட்டாரத்தின் வரலாற்றில் மீண்டும் ஒருமுறை வரும். அதைப் பின்னர்க் காண்போம்.

தடை நீங்கியதும் ஒருபுறம் கறுப்பின மக்கள் தெற்கும் மேற்கும் பரவினர். மறுபுறம் வெள்ளையர் புறநகர்களுக்கு வெளியேறினர். பல்கலைக்கழகம் ஹைட் பார்க்கை விட்டுப் போகாமல், 1950களில் நகர மறுசீரமைப்பு என்ற பெயரில் பழைய கட்டடங்களை இடித்துப் புதியன எழுப்பியது. ஏழைகள் பலர் வெளியேற்றப்பட்டார்கள் என்ற குறை இன்றளவும் உண்டு. எப்படியோ, இரு நிறத்தாரும் அருகருகே வாழும் ஒரு பகுதி எஞ்சியது. நம்மவர் இருவர் பெயரை இங்குச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற விண்மீன் இயற்பியலறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர் 1937 முதல் 1995இல் மறையும் வரை சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். 1983இல் நோபெல் பரிசு பெற்றார். குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்து 1967இல் நூலாக வெளியிட்ட ஏ. கே. ராமானுஜனும் அங்குப் பேராசிரியராக விளங்கி 1993இல் மறைந்தார். நாம் பேசும் தொகுதியின் தெருக்கள் அவர்கள் நடந்த தெருக்கள்.

ஒருவருக்கு மூன்று வாக்கு

தேர்தல் வரலாற்றுக்கு வருவோம். லிங்கனின் கட்சி என்பதால் கறுப்பின மக்கள் தொடக்கத்தில் குடியரசுக் கட்சியினராகவே இருந்தார்கள். 1876இல் ஜான் தாமஸ் என்பவர் இல்லினாய் கீழவைக்கு முதல் கறுப்பின உறுப்பினராகத் தேர்வு பெற்றதும், 1924இல் அடெல்பர்ட் ராபர்ட்ஸ் செனட்டுக்கு முதல்வராகத் தேர்வு பெற்றதும், 1928இல் ஆஸ்கர் டி பிரீஸ்ட் நாடாளுமன்றம் சென்றதும் குடியரசுக் கட்சி சார்பிலேதான். 1934இல் ஜனநாயகக் கட்சியின் ஆர்தர் மிச்செல் டி பிரீஸ்ட்டைத் தோற்கடித்தார். அதன் பின் காற்று திசை மாறியது, இன்றுவரை மாறவில்லை.

இல்லினாயில் அக்காலத்தில் விந்தையான ஒரு முறை இருந்தது. 1870ஆம் ஆண்டு அரசியல் சட்டப்படி ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு செனட்டர், மூன்று கீழவை உறுப்பினர். கீழவைத் தேர்தலில் வாக்காளர் ஒவ்வொருவருக்கும் மூன்று வாக்கு. மூவருக்கு ஒவ்வொன்றாகவும் போடலாம்; மூன்றையும் ஒருவருக்கே சேர்த்தும் போடலாம்; இருவருக்கு ஒன்றரை ஒன்றரையாகவும் பிரிக்கலாம். இதனால் ஒரு தொகுதியில் சிறுபான்மையாக உள்ள கட்சியும் தன் வாக்கை ஒருமுகப்படுத்தி ஓர் இடம் பெற முடிந்தது. ஜனநாயகக் கட்சியின் கோட்டையாகிய ஹைட் பார்க்கிலிருந்து குடியரசுக் கட்சியின் பெர்னார்டு எப்டன் 1969 முதல் 1983 வரை கீழவையில் அமர்ந்திருந்தது இம்முறையின் பயனே.

1980இல் மக்கள் வாக்கெடுப்பின் வழியே இம்முறை ஒழிக்கப்பட்டது. கீழவை 177 இடத்திலிருந்து 118 ஆகக் குறைந்தது. ஒவ்வொரு செனட் தொகுதியும் இரண்டாகப் பிளக்கப்பட்டு, பாதிக்கு ஒருவர் என்றாயிற்று. செலவு குறையும் என்பது வாக்குறுதி. செலவு குறைந்ததோ இல்லையோ, கோட்டைக்குள் எதிர்க்கட்சி நுழைய இருந்த சிறு வாயில் அடைபட்டது. நல்ல ஒரு முறையைச் சிக்கனத்தின் பெயரால் இழந்தார்கள் என்பதே என் கருத்து. எப்டன் 1983இல் சிகாகோ மேயர் பதவிக்கு நின்றார். அவரை எதிர்த்து நின்று, ஏறத்தாழ 48,000 வாக்கு வேறுபாட்டில் வென்று நகரின் முதல் கறுப்பின மேயரான ஹரால்டு வாஷிங்டனும் ஹைட் பார்க்வாசிதான். அவரும் 1977 முதல் 1980 முடிய மாநிலச் செனட்டில் இருந்தவர்தான். முப்பது லட்சம் மக்கள் வாழ்ந்த பெருநகரின் இரு வேட்பாளரும் ஒரே பேட்டையிலிருந்து வந்தார்கள்.

இப்பகுதிக்கு மற்றொரு மரபும் உண்டு. 1955 முதல் 1976 வரை சிகாகோவை ஆண்ட ரிச்சர்டு டேலியின் கட்சி அமைப்பு, வேலையும் சலுகையும் கொடுத்து வாக்கு வாங்கும் ஓர் இயந்திரம் என்றே பேசப்பட்டது. அந்த இயந்திரத்துக்குள் அடங்காத சுயேச்சை மனப்பான்மை ஹைட் பார்க்கின் பெருமை. நகர மன்றத்தில் 1955 முதல் 1975 வரை டேலியை எதிர்த்து நின்ற லியான் டெஸ்பிரஸ் இங்கிருந்து சென்றவர். மாநிலச் செனட்டில் 1967 முதல் 1991 வரை அமர்ந்த ரிச்சர்டு நியூஹவுசும் அவ்வகையினரே. 1975இல் டேலிக்கு எதிராகக் கட்சியின் முதனிலைத் தேர்தலில் நின்று தோற்றார்.

குலுக்கலில் விழுந்த எல்லைகள்

இனித் தொகுதியை வரைபவர் யார் என்ற கேள்வி. தனக்கு வேண்டியபடி எல்லை வளைப்பதை அமெரிக்கர்கள் ஜெர்ரிமாண்டர் என்பார்கள். 1812இல் மாசசூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் ஜெர்ரி ஒப்புதல் தந்த ஒரு தொகுதியின் வடிவம் சாலமாண்டர் என்னும் பல்லி போன்ற உயிரை ஒத்திருந்தது. இரு பெயரையும் ஒட்டிப் பிறந்த சொல் அது. அதுவும் ஒரு மாநிலச் செனட் தொகுதியே என்பது நினைவிற் கொள்ளத் தக்கது.

இல்லினாயில் நோய் வேறு விதமாக இருந்தது. 1901க்குப் பின் 1955 வரை எல்லைகளை மாற்றவே இல்லை. சிகாகோ பெருகப் பெருக, கிராமப்புற உறுப்பினர்கள் தங்கள் பிடியைத் தளர்த்த விரும்பவில்லை. பின்னர், செனட் நிலப்பரப்பின்படி, கீழவை மக்கள்தொகையின்படி என்று ஒரு சமரசம் செய்தார்கள். 1964இல் உச்ச நீதிமன்றம், மாநிலங்களின் இரு அவைகளுமே மக்கள்தொகைச் சமன்பாட்டின்படி அமைய வேண்டும் என்று தீர்ப்பளித்ததும் அந்தச் சமரசம் உடைந்தது. அதே ஆண்டு வேறொரு வேடிக்கையும் நிகழ்ந்தது. கீழவைக்கு எல்லை வகுக்க முடியாமல் கட்சிகள் முரண்டு பிடித்ததால், 177 உறுப்பினரையும் மாநிலம் முழுவதும் ஒரே தொகுதியாகக் கொண்டு தேர்ந்தெடுக்க வேண்டியதாயிற்று. வாக்குச் சீட்டின் நீளம் ஏறத்தாழ 33 அங்குலம்! படுக்கை விரிப்புச் சீட்டு என்று மக்கள் கேலி செய்தார்கள்.

இந்த அனுபவத்தால் 1970ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தில் புதிய ஏற்பாடு வந்தது. பத்தாண்டுக்கு ஒருமுறை, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்ததும் சட்டமன்றம் ஜூன் 30க்குள் எல்லை வகுக்க வேண்டும். தவறினால் எட்டுப் பேர் குழு. ஒரு கட்சிக்கு நால்வருக்கு மேல் இருக்கலாகாது. அக்குழுவும் தவறினால் மாநில உச்ச நீதிமன்றம் கட்சிக்கு ஒருவராக இருவர் பெயரைத் தரும். அவற்றுள் ஒன்றை மாநிலச் செயலர் குலுக்கி எடுப்பார். அவர் ஒன்பதாவது உறுப்பினர். அதாவது அவர் கட்சியே எல்லாவற்றையும் வரையும். குலுக்கலுக்கு அஞ்சி இரு கட்சியும் உடன்பாட்டுக்கு வரும் என்பது சட்டம் இயற்றியவர்களின் எதிர்பார்ப்பு. நடந்தது என்ன? பாதி கிடைப்பதைவிட முழுதும் கிடைக்கும் வாய்ப்பே மேல் என்று இரு கட்சியும் சூதாடத் துணிந்தன. 1981இல் ஜனநாயகக் கட்சிக்குச் சீட்டு விழுந்தது. 1991இல் குடியரசுக் கட்சிக்கு. 2001இல் மீண்டும் ஜனநாயகக் கட்சிக்கு. இந்தக் கடைசிக் குலுக்கலில், லிங்கன் அணிந்த உயர்ந்த தொப்பியின் மாதிரி ஒன்றுக்குள் கைவிட்டுப் பெயரை எடுத்தார்கள்.

1991இல் குடியரசுக் கட்சி வரைந்த படத்தில் பதின்மூன்றாம் தொகுதி ஹைட் பார்க்கையும் கென்வுட்டையும் தலையாகக் கொண்டு, தெற்கே சவுத் ஷோர் வரையிலும் மேற்கே எங்கிள்வுட்டைக் கடந்து சிகாகோ லான் வரையிலும் கால் நீட்டியது. கறுப்பின வாக்குகளைச் சில தொகுதிகளுக்குள் அடுக்கி வைத்துவிட்டால் மற்ற இடங்களில் வெல்லலாம் என்பது கணக்கு. அப்படத்தின் துணையால் 1993 முதல் 2003 தொடக்கம் வரை செனட் குடியரசுக் கட்சியின் கையில் இருந்தது.

கையொப்பத் தேர்தல்

நியூஹவுஸ் 1991இல் விலகவே, கட்சிப் பொறுப்பாளர்கள் ஆலிஸ் பாமர் என்ற கல்வியாளரை அவ்விடத்தில் அமர்த்தினார்கள். 1992இல் அவர் தேர்தலிலும் வென்றார். 1995இல் அப்பகுதி நாடாளுமன்ற உறுப்பினர் பதவி விலக நேர்ந்தபோது பாமர் அவ்விடத்துக்குப் போட்டியிடத் தீர்மானித்தார். தம் செனட் இடத்துக்கு, சட்டக் கல்லூரியில் பாடம் சொல்லிக் கொண்டிருந்த இளம் வழக்கறிஞர் ஒபாமாவை ஆதரித்தார். ஆனால் 1995 நவம்பரில் நடந்த நாடாளுமன்ற முதனிலைத் தேர்தலில் பாமர் மூன்றாம் இடம்தான் பெற்றார். வென்றவர் ஜெஸ்ஸி ஜாக்சனின் மகன். இனித் தம் பழைய இடத்தையே மீண்டும் நாடுவதெனப் பாமர் மனம் மாறினார். ஒபாமா விலக மறுத்தார்.

இங்கே அமெரிக்க முறை ஒன்றை விளக்க வேண்டும். கட்சித் தலைமை சீட்டு வழங்குவது அங்கில்லை. கட்சி வேட்பாளராக விரும்புவோர் அனைவரும் முதனிலைத் தேர்தலில் நின்று வெல்ல வேண்டும். அதில் நிற்கவும் தொகுதி வாக்காளர்களிடம் குறிப்பிட்ட அளவு கையொப்பம் வாங்கி மனுவுடன் இணைக்க வேண்டும். இத்தொகுதிக்கு அப்போது தேவைப்பட்டவை 757. ஒபாமா மூவாயிரத்துக்கு மேல் கொடுத்தார். காலம் கடந்து களம் இறங்கிய பாமர் சில நாட்களில் அவசரமாகத் திரட்டிக் கொடுத்தவை 1,580.

ஒபாமாவின் ஆட்கள் தேர்தல் வாரியத்துக்குச் சென்று, எதிர் மனுக்கள் எல்லாவற்றையும் வாக்காளர் பட்டியலுடன் வரி வரியாக ஒப்பிட்டார்கள். தொகுதிக்கு வெளியே குடியிருப்பவர் கையொப்பம் செல்லாது. பதிவான முகவரி வேறாக இருந்தால் செல்லாது. கையெழுத்தாக இடாமல் தனித்தனி எழுத்தாகப் பெயரை எழுதியிருந்தால் அதுவும் செல்லாது. பாமருக்குத் தேறியவை தேவைக்கு ஏறத்தாழ 200 குறைந்தன. 1996 ஜனவரியில் அவர் விலகினார். வேறொரு வேட்பாளர் கொடுத்த 1,899இல் 1,211 தள்ளுபடியாயின. எஞ்சிய 688 தேவைக்கு 69 குறைவு. இவ்வாறு எதிராளிகள் ஒருவர் விடாமல் நீக்கப்பட, மார்ச் 19 அன்று நடந்த முதனிலைத் தேர்தலில் வாக்காளர் முன் இருந்தது ஒரே பெயர்.

நவம்பரில் நடந்த பொதுத் தேர்தல் வெறும் சடங்கு. ஒபாமா 48,592 வாக்கு. ஹரால்டு வாஷிங்டன் பெயரால் அமைந்த சிறு கட்சியின் வேட்பாளர் 7,461. குடியரசுக் கட்சி வேட்பாளர் 3,091. நூற்றுக்கு 82 பங்கு ஒபாமாவுக்கு.

இதைப் பற்றி இருவேறு கருத்து நிலவுகிறது. போலிக் கையொப்பத்தை ஏற்றுக்கொள்ளச் சொல்கிறீர்களா, விதி எல்லார்க்கும் ஒன்றுதானே என்பார் ஒரு சாரார். அனுபவம் மிக்க ஓர் உறுப்பினரை மக்கள் ஏற்பதா தள்ளுவதா என்பதை எழுத்தர்கள் மேசையில் தீர்த்துவிட்டார்களே என்பார் மறு சாரார். சட்டத்தைப் பொறுத்தவரை ஒபாமா பக்கம் குறையில்லை. ஆயினும், அடிக்கடி வீடு மாற நேரும் வாடகைக் குடியினர் மிகுந்த இடத்தில், முகவரி பொருந்தவில்லை என்பதற்காகத் தள்ளப்பட்ட கையொப்பங்கள் எல்லாம் பொய் ஆகிவிடா. வாக்குரிமைக்காகப் புகைவண்டி ஏறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். அவர்களுக்கு இரு பெயர்களைக் காட்டியிருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஹான்ஸ்பெரி வழக்கில் கையொப்பக் கணக்கு ஒரு குடும்பத்துக்கு வாசலைத் திறந்தது. இங்கே அதே கணக்கு வாசலை அடைத்தது.

வடக்கே நீண்ட கோடு

1998இல் ஒபாமா 45,486 வாக்குகள் பெற்று, நூற்றுக்கு 89 பங்குடன் மீண்டும் வென்றார். 2000இல் அவர் நாடாளுமன்ற உறுப்பினர் பாபி ரஷ்ஷை முதனிலைத் தேர்தலில் எதிர்த்து நின்றபோது, அதே தெற்குப் பகுதி மக்கள் அவரை ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்கடித்தார்கள். உண்மையான போட்டி அமைந்தபோது வாக்காளர் தம் மனத்தை ஐயமறக் காட்டினர் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்த ஆண்டு எல்லை வகுக்கும் காலம் வந்தது. உட்லானில் 1960இல் 81,000க்கு மேல் மக்கள் வாழ்ந்தார்கள். 2000இல் 27,000 அளவே எஞ்சினர். தொழிற்சாலைகள் மூடப்பட்டன, வீடுகள் எரிந்தன, இடிந்தன, இயன்றவர்கள் வெளியேறினார்கள். ஆனால் மாநில மக்கள்தொகையை 59ஆல் வகுத்து வரும் எண்ணிக்கை ஒவ்வொரு தொகுதிக்கும் வேண்டும். 1990 கணக்கில் அது 1,93,700 அளவு; 2000 கணக்கில் 2,10,500 அளவு. உள்ளே மக்கள் குறைய, தேவையோ கூட, தொகுதி எங்கேனும் நீண்டுதான் ஆக வேண்டும். எத்திசையில் என்பதுதான் அரசியல்.

2001 வசந்த காலத்தில், ஸ்பிரிங்ஃபீல்டு அரசு அலுவலகக் கட்டடம் ஒன்றில் கட்சியின் வரைபட வல்லுநர் ஒருவருடன் கணினி முன் அமர்ந்து ஒபாமா தம் தொகுதியை வடிவமைத்தார் என்பதை நியூயார்க்கர் இதழ் 2008இல் விரிவாக எழுதியது. மேற்கே நீண்டிருந்த ஏழைக் குடியிருப்புகள் விடுபட்டன. ஏரிக்கரையை ஒட்டிக் கோடு வடக்கே ஏறியது. நகர நடுவணிக வட்டாரத்தைக் கடந்து கோல்டு கோஸ்ட் என்னும் செல்வர் பகுதி வரை சென்றது. கறுப்பின மக்களே இன்னும் பெரும்பான்மை. ஆனால் செல்வமும் கல்வியும் நன்கொடை தரும் வசதியும் உடைய புதிய வாக்காளர்கள் உள்ளே வந்தார்கள். செப்டம்பரில் லிங்கன் தொப்பியிலிருந்து ஜனநாயகக் கட்சியின் சீட்டு வந்ததால் அக்கட்சியின் படமே சட்டமாயிற்று. 2002இல் ஒபாமாவுக்கு இரு தேர்தலிலும் போட்டியே இல்லை. 2003 ஜனவரியில் செனட் ஜனநாயகக் கட்சியின் கைக்கு வந்தது. கொலை வழக்குகளில் காவல்துறையின் விசாரணையைப் பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டம் போன்றவற்றை அதன் பின்னரே அவரால் நிறைவேற்ற முடிந்தது. 2004 நவம்பரில் அவர் நாட்டுச் செனட்டுக்குத் தேர்வு பெற்றார். மாநிலச் செனட் இடம் காலியாயிற்று.

இந்தியாவாயின் இடைத்தேர்தல் நடக்கும். இல்லினாயில் அவ்வழக்கம் இல்லை. காலியான இடத்தை 30 நாட்களுக்குள், அதே கட்சியைச் சேர்ந்த ஒருவரைக் கொண்டு, அத்தொகுதிக்குள் வரும் வார்டுகளின் கட்சிப் பொறுப்பாளர்கள் கூடி நிரப்புவார்கள். 28 மாதங்களுக்கு மேல் பதவிக்காலம் எஞ்சியிருந்தால் மட்டும் அடுத்த பொதுத் தேர்தலில் மக்கள் வாக்களிப்பார்கள். அவ்வாறே 2004 நவம்பரில் குவாமே ராவுல் அமர்த்தப்பட்டார். பின்னர்த் தேர்தல்களிலும் வென்றார். 2018இல் அவர் மாநிலத் தலைமை வழக்கறிஞராகத் தேர்வு பெறவே, 2019 ஜனவரியில் ராபர்ட் பீட்டர்ஸ் அமர்த்தப்பட்டு, 2020 தேர்தலில் வென்றார்.

1991க்குப் பின் இத்தொகுதியில் இவ்வாறு வந்த நால்வரைப் பாருங்கள்: பாமர், ஒபாமா, ராவுல், பீட்டர்ஸ். மூவர் முதலில் நியமனத்தால் உள்ளே வந்தவர்கள். நியமனம் இன்றித் தேர்தல் வழியாக மட்டும் வந்தவர் ஒபாமா ஒருவரே. அவருக்கும் முதல் முறை முதனிலைத் தேர்தலில் எதிராளி இல்லை. நால்வரும் திறமையற்றவர்கள் என்று எவரும் சொல்லார். நியமனம் பெற்ற மூவரும் பிறகு மக்களைச் சந்தித்து வென்றவர்களே. ஆனால் அதற்குள் அவர்கள் பதவியில் இருப்பவர் என்ற வலிமையைப் பெற்றுவிடுகிறார்கள்.

2011இலும் 2021இலும் சட்டமன்றத்தின் இரு அவைகளும் ஆளுநர் பதவியும் ஜனநாயகக் கட்சியிடமே இருந்தமையால் குலுக்கலுக்கே இடமில்லாமற் போயிற்று. 2020 கணக்கின்படி ஒரு செனட் தொகுதிக்கு 2,17,000 மக்கள் வேண்டும். ஜாக்சன் பூங்காவில் ஒபாமாவின் பெயரால் அமையும் நினைவு மையத்தின் கட்டுமானம் 2021இல் தொடங்கியபோது, வாடகை உயர்ந்து தாங்கள் வெளியேற நேருமோ என்று உட்லான் குடியினர் அஞ்சினார்கள். வீட்டு வசதிப் பாதுகாப்புக்காக அவர்கள் போராடியதன் பயனாக, 2020இலேயே நகர மன்றம் உட்லானுக்கென ஒரு தனி விதி இயற்றியிருந்தது.

பொறுப்பாளர்கள் கூடி ஒருவரை நியமிக்கும்போது எல்லார் கைக்கும் ஒரே எடை இல்லை. தொகுதிக்குள் அடங்கும் தம் வார்டுப் பகுதியில் முந்தைய தேர்தலில் கட்சிக்கு விழுந்த வாக்குகள் எத்தனையோ, அதற்கேற்ப ஒவ்வொருவர் கையின் எடையும் கணக்கிடப்படும்.